டப்பாவில் ‘ஃபுல் சிந்தெடிக்’, உள்ளே எந்த எண்ணெய்?

ஐந்து கம்பெனிகளின் இன்ஜின் ஆயிலை வரிசையாக வைத்துப் பாருங்கள். ஐந்திலும் ‘ஃபுல் சிந்தெடிக்’ என்று பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும். விலை மட்டும் ஒன்றுக்கொன்று வெகுதூரம் தள்ளி நிற்கும். அந்த விலை வித்தியாசத்துக்கு உள்ளே சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இந்த மதிப்பீடு. காருக்கு ஷெல் ஹீலிக்ஸ் அல்ட்ரா 5டபிள்யூ-40, மொபில் 1 எஃப்.எஸ். 0டபிள்யூ-40, மோட்டுல் 8100 எக்ஸ்-செஸ் 5டபிள்யூ-40, லிக்விமோலியின் இரண்டு ஆயில்கள். பைக்குக்கு மோட்டுல் 7100, 300வி. (5டபிள்யூ-40 போன்ற கிரேடில் ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் குளிரிலும், பின்னால் உள்ளது சூட்டிலும் ஆயிலின் பாகுநிலையைக் காட்டும்.) ஓட்டும்போது சத்தம் குறைந்ததா, கியர் மென்மையாக விழுகிறதா என்பதை இங்கே அளவுகோலாக வைக்கவில்லை. பழைய ஆயிலை இறக்கிவிட்டு எந்தப் புது ஆயிலை ஊற்றினாலும் அந்த உணர்வு கிடைக்கும்; அது ஆயிலின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பேஸ் ஆயில், அதாவது அடிட்டிவ் சேர்ப்பதற்கு முந்தைய மூல எண்ணெய், எந்தக் குடும்பம் என்பதைவிட, முழு ஆயிலாகச் சேர்த்த பிறகு அது எந்தச் சோதனைகளில் தேறியது என்பதே பெரிய விஷயம். கார் கம்பெனியின் கறாரான அப்ரூவல் பெற்ற குரூப் 3 (ஹைட்ரஜனால் நன்கு சுத்தம் செய்த) ஆயில், எந்த அப்ரூவலும் இல்லாத பி.ஏ.ஓ. (ஆலையில் மூலக்கூறுகளைக் கோத்துச் செய்த) ஆயிலைவிட உங்கள் இன்ஜினுக்கு நல்லது. அதேசமயம் பேஸ் ஆயில் முக்கியமே இல்லை என்று சொல்வதும் தப்பு. சில இன்ஜின்களில் அது உண்மையிலேயே வேலை செய்கிறது. எங்கே என்று கீழே வருகிறது.

பேஸ் ஆயில் ஐந்து குரூப்

டப்பாவில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேஸ் ஆயில். மீதி டிடர்ஜென்ட், டிஸ்பர்சன்ட், தேய்மானம் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம், பாகுநிலையைத் தாங்கிப் பிடிக்கும் பாலிமர் போன்ற அடிட்டிவ்கள். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமான ஏ.பி.ஐ. பேஸ் ஆயிலை ஐந்து குரூப்பாகப் பிரித்திருக்கிறது. குரூப் 1 பழைய முறை: கச்சா எண்ணெயை வெற்றிடத்தில் வடித்து, கரைப்பானால் அரோமேட்டிக் பொருள்களைக் கழுவி, மெழுகை உறையவைத்துப் பிரித்தெடுப்பது. இதில் சாச்சுரேட்ஸ் (ஹைட்ரஜன் நிறைந்த, எளிதில் கெடாத மூலக்கூறுகள்) 90 சதவீதத்துக்குக் கீழே அல்லது கந்தகம் 0.03 சதவீதத்துக்கு மேலே இருக்கும். குரூப் 2-இல் ஹைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்திச் சுத்தம் செய்கிறார்கள். சாச்சுரேட்ஸ் 90-க்குக் குறையாது, கந்தகம் 0.03-ஐத் தாண்டாது, விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 80 முதல் 120 வரை (இந்த எண் உயர உயர, சூட்டுக்கும் குளிருக்கும் பாகுநிலை மாறுவது குறையும்). குரூப் 3-க்கும் அதே சுத்தம்தான், ஆனால் இண்டெக்ஸ் 120-க்குக் குறையக் கூடாது. குரூப் 4 என்றால் பி.ஏ.ஓ., அதாவது பாலி ஆல்ஃபா ஓலிஃபின். எத்திலீனிலிருந்து 1-டெசீன் செய்து, அந்த மூலக்கூறுகளை மூன்று நான்காகக் கோத்து, கடைசியில் ஹைட்ரஜன் ஏற்றுவது. இவை நான்கிலும் சேராத எல்லாம் குரூப் 5: எஸ்டர் (அமிலத்தையும் ஆல்கஹாலையும் சேர்த்துச் செய்வது), அல்கைலேட்டட் நாஃப்தலீன் போன்றவை.

இங்கேதான் ‘சிந்தெடிக்’ என்ற சொல் நழுவுகிறது. ஒரு காலத்தில் அது பி.ஏ.ஓ., எஸ்டர் இரண்டையும் மட்டுமே குறித்தது. 1997 வாக்கில் காஸ்ட்ரால் தன் சின்டெக் ஆயிலில் பி.ஏ.ஓ.வை எடுத்துவிட்டுக் குரூப் 3-ஐப் போட்டது. மொபில் கம்பெனி அமெரிக்காவில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் என்.ஏ.டி. அமைப்பிடம் புகார் செய்தது. கடும் ஹைட்ரோகிராக்கிங்கில், அதாவது ஹைட்ரஜனை அழுத்தத்தில் செலுத்தி உடைக்கும் முறையில், மூலக்கூறுகளே உடைந்து மாறிவிடுவதால் அதையும் சிந்தெடிக் என்று சொல்லலாம் என 1999-இல் காஸ்ட்ராலுக்குச் சாதகமாக முடிவு வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்காவிலும் இந்தியாவிலும் குரூப் 3 ஆயில் ‘ஃபுல் சிந்தெடிக்’ என்றே விற்கிறது. ‘செமி சிந்தெடிக்’ இன்னும் தளர்ந்த சொல். எத்தனை சதவீதம் சிந்தெடிக் கலந்தால் அப்படிச் சொல்லலாம் என்று ஏ.பி.ஐ. எங்கும் வரையறுக்கவில்லை.

ஜெர்மனியில் மட்டும் கெடுபிடி அதிகம். அங்கே ‘முழு சிந்தெடிக்’ என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லைக் குரூப் 3 ஆயிலில் போட முடியாது, ‘எச்.சி. சிந்தெசிஸ்’ (எச்.சி. என்பது ஹைட்ரோகிராக்கிங்) அல்லது ‘சிந்தெசிஸ் தொழில்நுட்பம்’ என்றுதான் போடுவார்கள். இது லிக்விமோலி வாங்கும்போது கைகொடுக்கும்.

குரூப் 3 மட்டமானதா? இல்லை. தென்கொரியாவின் உல்சானில் எஸ்.கே. தயாரிக்கும் யூபேஸ், அபுதாபியின் ருவைஸிலிருந்து வரும் ஏ.டி.பேஸ் எல்லாம் சுத்தமான, நிதானமான தரமுள்ள சரக்கு. 100 டிகிரியில் 4 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையின் அலகு) உள்ள குரூப் 3-க்கும் அதே கனமுள்ள பி.ஏ.ஓ.வுக்கும் விஸ்காசிட்டி இண்டெக்ஸ் ஏறத்தாழ ஒன்றுதான், 120-ஐ ஒட்டி. ஆவியாவதிலும் பெரிய தூரம் இல்லை. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் குளிரில்தான் தெரியும்: குரூப் 3 அடிட்டிவ் இல்லாமல் மைனஸ் 15, 20 டிகிரியில் உறைந்து நிற்கும், பி.ஏ.ஓ. மைனஸ் 60-க்கும் கீழே ஓடும். சென்னையிலோ மதுரையிலோ வண்டி ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசத்தால் எந்தப் பயனும் இல்லை. ‘மைனஸ் 45-இலும் ஓடும்’ என்ற வரிக்காக நம் ஊரில் யாரும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

பி.ஏ.ஓ.வுக்கும் ஒரு குறை உண்டு. அது முனைவுத்தன்மை இல்லாத எண்ணெய். அடிட்டிவ்களை நன்றாகக் கரைக்காது, ரப்பர் சீல்களைச் சற்றுச் சுருங்கவும் வைக்கும். அதனால் எந்த பி.ஏ.ஓ. ஆயிலிலும் எஸ்டரோ அல்கைலேட்டட் நாஃப்தலீனோ கொஞ்சம் சேர்த்தே ஆகவேண்டும். எஸ்டர் சீலை உப்பவைக்கும், உலோகத்தில் ஒட்டும், அடிட்டிவைக் கரைக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் மெல்லச் சிதையும், தேய்மானத் தடுப்பு அடிட்டிவோடு உலோகப் பரப்பில் இடத்துக்குப் போட்டி போடும். ‘நூறு சதவீதம் எஸ்டர்’ உள்ள இன்ஜின் ஆயில் நல்ல ஆயில் ஆகாது. அப்படி யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்கும் வழி

டப்பா சொல்லாததைப் பாதுகாப்புத் தரவுத் தாள் ஓரளவு சொல்லும். கம்பெனி தளத்தில் ஆயிலின் முழுப்பெயரைப் போட்டு எம்.எஸ்.டி.எஸ். அல்லது எஸ்.டி.எஸ். என்று தேடினால் கிடைக்கும். மூன்றாவது பிரிவில் பொருள்களின் சி.ஏ.எஸ். எண்கள் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உள்ள அடையாள எண்) இருக்கும். 68037-01-4 அல்லது 68649-12-7 என்றால் பி.ஏ.ஓ. 848301-69-9 என்றால் இயற்கை வாயுவிலிருந்து செய்த ஜி.டி.எல். எண்ணெய். 72623-87-1, 72623-86-0 பெரும்பாலும் குரூப் 3. 64742-54-7 இருந்தால் அதைவைத்து முடிவுக்கு வர முடியாது. குரூப் 2, 3 இரண்டையும் அந்த எண்ணிலேயே எழுதுவார்கள். 64742-65-0, 64741-88-4 பழைய கரைப்பான் முறை எண்ணெய். ‘ஃபுல் சிந்தெடிக்’ டப்பாவின் தாளில் இது முதல் வரியாகப் பெரிய சதவீதத்தோடு வந்தால் அந்த ஆயிலை வைத்துவிட்டு நகருங்கள். ஓரிரண்டு சதவீதம் வந்தால் கவலை வேண்டாம், அடிட்டிவ் கரைத்து வந்த எண்ணெய் அது.

ஒரு எச்சரிக்கை. இந்தத் தாளில் அபாயம் உள்ளதாக வகைப்படுத்தப்பட்ட பொருள்களை மட்டும் எழுதினால் போதும். 40 டிகிரியில் 20.5 சென்டிஸ்டோக்ஸுக்கு மேல் போகாத மெல்லிய எண்ணெய், விழுங்கினால் நுரையீரலுக்குள் போகும் அபாயமுள்ளது என்று கணக்கு. பி.ஏ.ஓ. 4 அந்த வரம்புக்குள் வருவதால் எழுதுவார்கள்; பி.ஏ.ஓ. 6 சுமார் 31 என்பதால் எழுதாமல் விடலாம். எனவே தாளில் பி.ஏ.ஓ. எண் இருந்தால் உள்ளே இருக்கிறது என்று நிச்சயம். இல்லாவிட்டால் உள்ளே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சதவீதமும் 30 முதல் 60 என்பதுபோல அகலமாகத்தான் தருவார்கள்.

சோதனைக்கூடத்தில் (லேப்) புது ஆயிலைக் கொடுத்துத் தனிமங்களை அளந்தாலும் பேஸ் ஆயில் தெரியாது. கால்சியம், மக்னீசியம், துத்தநாகம், பாஸ்பரஸ், மாலிப்டினம் என அடிட்டிவின் கணக்கு மட்டும் வரும். எஸ்டருக்கு மட்டும் ஒரு தடயம் உண்டு: அகச்சிவப்புச் சோதனையில் 1740 அலை எண்ணை ஒட்டி எழும் உச்சி. இதே உச்சியைத்தான் பழைய ஆயிலில் ஆக்சிஜனேற்றம் என்று லேப் படிக்கும். எஸ்டர் நிறைய உள்ள ஆயில் புதிதாக இருக்கும்போதே ‘கெட்டுவிட்டது’ என்று அறிக்கை வருவது இதனால்தான். அப்படிப்பட்ட ஆயிலைச் சோதிக்கும்போது, இன்ஜினில் ஊற்றாத அதே ஆயிலின் மாதிரியையும் சேர்த்து அனுப்புங்கள்.

எண்களுக்கு வரலாம். தொழில்நுட்பத் தாளில் முதலில் தேடவேண்டியது நோவாக். ஆயிலை 250 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்து எவ்வளவு ஆவியாகிறது என்று பார்க்கும் சோதனை. அமெரிக்க, ஜப்பானிய கார் கம்பெனிகளின் தரமான ஐல்சாக் ஜி.எஃப்.-6-இல் வரம்பு 15 சதவீதம். ஐரோப்பிய கார் கம்பெனிகளின் தரமான ஏ.சி.இ.ஏ. ஏ3/பி4-இல் வரம்பு 13. மெர்சிடிஸ் 229.5 அப்ரூவல் கேட்பது 10. நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் இந்த ஒரு எண்தான் பேஸ் ஆயிலின் தரத்தை அதிகம் காட்டிக்கொடுக்கும். ஆவியான எண்ணெய் பி.சி.வி. (இன்ஜினுக்குள் சேரும் வாயுவைத் திருப்பி அனுப்பும் வால்வு) வழியாக இன்டேக்குக்குப் போகிறது. நேரடி ஊசி பெட்ரோல் இன்ஜினில் வால்வைக் கழுவ அங்கே பெட்ரோல் வராததால் கரியாகப் படிகிறது. மெல்லிய பகுதி போன பிறகு மிச்ச ஆயில் தடித்துப்போகிறது, டிப்ஸ்டிக்கில் அளவும் இறங்குகிறது. நோவாக் 10-க்குக் கீழே இருந்தால் அருமை. 13-ஐத் தாண்டினால் சிந்தெடிக் என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

அடுத்தது எச்.டி.எச்.எஸ். 150 டிகிரியில், பேரிங்கின் இடுக்கில் நசுங்குவதுபோல வேகமாக அரைக்கும்போது மிஞ்சும் பாகுநிலை. 5டபிள்யூ-40-க்கு, கிரேடுகளை வகுக்கும் எஸ்.ஏ.இ. அமைப்பு கேட்பது குறைந்தபட்சம் 3.5, 30-க்கு 2.9, 20-க்கு 2.6, 16-க்கு 2.3. இன்ஜினுக்குக் கையேடு சொன்னதைவிட ஒரு படி கனமாக ஊற்றினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்து, 0டபிள்யூ-16 கேட்கும் புது மாருதிக்கு 20டபிள்யூ-50 ஊற்றுபவர்கள் உண்டு. அந்த இன்ஜினின் ஆயில் பம்பும் வால்வு டைமிங்கை மாற்றும் பாகமும் மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்தவை. கனமான ஆயிலில் அவை மெதுவாகப் பதில் சொல்லும், மைலேஜும் இறங்கும்.

விஸ்காசிட்டி இண்டெக்ஸ் 180 என்று பெருமையாகப் போட்டிருந்தால் அது பேஸ் ஆயிலின் எண் அல்ல. பேஸ் ஆயில் 120, 130-ஐத் தாண்டுவது அபூர்வம். மீதி பாலிமர் தூக்கிக்கொடுத்தது. பாலிமர் அரைபட்டால் அறுந்துவிடும். அதனால் மிக உயர்ந்த இண்டெக்ஸ் உள்ள ஆயிலை, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடும் பைக்குக்கு வாங்கும்போது யோசிக்க வேண்டும்.

சல்ஃபேட்டட் ஆஷ், அதாவது ஆயில் எரிந்தபின் மிஞ்சும் சாம்பல், டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பி.எஸ். 6 டீசல் காருக்கு உயிர்நாடி. ஏ.சி.இ.ஏ. சி3-இல் 0.8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. கரி எரிந்து போகும். சாம்பல் எரியாது, ஃபில்டரிலேயே தங்கிவிடும். நல்ல பி.ஏ.ஓ.வே ஆனாலும் ஏ3/பி4 ஆயிலை டி.பி.எஃப். வண்டிக்கு ஊற்றாதீர்கள். காரத்தன்மையைக் காட்டும் டி.பி.என். எண் சி3-இல் குறைவாக, 6-ஐ ஒட்டி இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2020 ஏப்ரலிலிருந்து நம் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். மட்டுமே, அமிலத்தை முறிக்கப் பழைய அளவு காரம் தேவையில்லை.

டப்பாவின் கிரேடை வைத்தே பேஸ் ஆயிலை ஊகிக்கவும் ஒரு வழி உண்டு. ‘டபிள்யூ’வுக்கு முன்னால் உள்ள எண் சிறிதாகவும் பின்னால் உள்ளது பெரிதாகவும் இருந்தால் ஆயில் செய்வது கடினம். 0டபிள்யூ கிரேடுக்கு மைனஸ் 35 டிகிரியில் பாகுநிலை 6200 சென்டிபாய்ஸுக்கு மேல் போகக் கூடாது. 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16 ஆயிலை நடைமுறையில் குரூப் 3-க்குக் கீழே செய்யவே முடியாது. மலிவான 0டபிள்யூ-20-இலும் குரூப் 3 இருக்கும். மாறாக 20டபிள்யூ-50, 15டபிள்யூ-50 ஆகியவற்றைச் சென்னை மணலியில் சி.பி.சி.எல். சுத்திகரிப்பு ஆலை வடிப்பதுபோன்ற சாதாரண பேஸ் ஆயிலிலேயே செய்யலாம். ஆகவே ‘ஃபுல் சிந்தெடிக் 20டபிள்யூ-50’ என்று எழுதிய டப்பாவைத்தான் எல்லாவற்றையும்விடக் கவனமாகச் சோதிக்க வேண்டும். அந்தக் கிரேடுக்கு சிந்தெடிக் அவசியமே இல்லை. உள்ளே இருக்கிறது என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது.

ஆயில்கள் ஒவ்வொன்றாக

அப்ரூவல் வரியை எழுத்துக்கு எழுத்து படியுங்கள். ‘எம்.பி. அப்ரூவல் 229.5’ என்றால் மெர்சிடிஸ் சோதித்து எழுத்தில் கொடுத்திருக்கிறது. அவர்கள் தளத்திலேயே பட்டியல் உண்டு. ‘229.5 தேவைகளைப் பூர்த்தி செய்கிறது’, ‘229.5 கேட்கும் இடத்தில் பயன்படுத்தலாம்’ என்றால் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்கிறது. ஏ.பி.ஐ. உரிமத்தையும் அவர்கள் இணையப் பட்டியலில் கம்பெனி பெயர் போட்டுச் சரிபார்க்கலாம்.

ஷெல் ஹீலிக்ஸ் அல்ட்ரா 5டபிள்யூ-40. பேஸ் ஆயிலில் ஒளிவுமறைவு இல்லாத ஆயில். கத்தாரின் ராஸ் லஃபானில் 2011-இல் தொடங்கிய பேர்ல் ஆலையில் இயற்கை வாயுவை முதலில் மெழுகாக்கி, பிறகு எண்ணெயாக்குகிறார்கள். வாயுவிலிருந்து வருவதால் கந்தகம் அறவே இல்லை; ஏ.பி.ஐ. கணக்கில் குரூப் 3-தான் என்றாலும் அந்த வரிசையில் மேல்தட்டு. விஸ்காசிட்டி இண்டெக்ஸ் சாதாரணக் குரூப் 3-ஐவிட உயர்ந்தது, ஆவியாவது குறைவு. மெர்சிடிஸ் 229.5, போர்ஷே ஏ40 அப்ரூவல்கள் உண்டு. 5டபிள்யூ-40 கேட்கும் பெட்ரோல் கார்களுக்கு, விலையையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பட்டியலில் இதற்கே முதலிடம். ஒரு நிபந்தனை: ஹீலிக்ஸ் எச்.எக்ஸ்.8, எச்.எக்ஸ்.7 என்ற பெயர்கள் வேறு ஆயில்கள். அதே ஷெல் சின்னத்தைப் பார்த்து எடுத்துவிட்டு அல்ட்ரா என்று நினைக்காதீர்கள்.

மொபில் 1 எஃப்.எஸ். 0டபிள்யூ-40. 0டபிள்யூ-வும் 40-உம் ஒரே டப்பாவில், அதோடு 229.5-இன் பத்து சதவீத நோவாக் வரம்பு. இந்த மூன்றையும் சேர்த்துத் தொடுவதற்கே சிறந்த பேஸ் ஆயில் வேண்டும். போர்ஷே பல ஆண்டுகள் ஆலையிலேயே ஊற்றிய ஆயில் குடும்பம் இது. பி.ஏ.ஓ. இதில் ஒரு பங்காக இருந்துவந்தாலும் ஃபார்முலா காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. குரூப் 3, ஜி.டி.எல். எண்ணெய்களும் கலந்திருக்கின்றன. அதற்காக முகம் சுளிக்க வேண்டாம், 229.5 அப்ரூவல் இருக்கிறது. குறை ஒன்றுதான்: 0டபிள்யூ-வின் குளிர்த் திறமை நம் ஊரில் பயன்படுவதில்லை, அதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறோம். 5டபிள்யூ-40-ஐக் கையேடு அனுமதித்தால் அதுவே போதும்.

மோட்டுல் 8100 எக்ஸ்-செஸ் 5டபிள்யூ-40. மோட்டுல் என்றாலே எஸ்டர் என்று நம் ஊரில் ஒரு எண்ணம். எல்லா மோட்டுலும் எஸ்டர் அல்ல. 8100 வரிசை ‘நூறு சதவீத சிந்தெடிக்’ என்று மட்டுமே சொல்கிறது. அப்ரூவல் கணக்கில் ஹீலிக்ஸ் அல்ட்ராவுக்கு இணை. விலை கூடியிருந்தால் அந்தக் கூடுதலுக்குக் காரணம் கிடையாது. தள்ளுபடியில் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

லிக்விமோலி. லெய்ச்லாஃப் ஹைடெக் 5டபிள்யூ-40-இன் ஜெர்மன் லேபிளில் ‘முழு சிந்தெடிக்’ என்று இருக்காது, அது குரூப் 3. சிந்தாயில் ஹைடெக் 5டபிள்யூ-40-இல் அந்தச் சொல் இருக்கும், அது பி.ஏ.ஓ. வரிசை. முன்னதைக் கடையில் ‘செமி’ என்று சொல்லித் தள்ளிவிட்டு, விலை கூடிய பின்னதை எடுக்கச் சொல்வார்கள். சாதாரண உபயோகத்துக்கு லெய்ச்லாஃப் தாராளமாகப் போதும். டப்பாவின் பின்பக்க அப்ரூவல் வரிகளை இரண்டுக்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மலிவானது பின்தங்கியிருக்காது.

காஸ்ட்ரால் எட்ஜ் பற்றி ஒரு வரி. அது ஒரே ஆயில் அல்ல. கிரேடுக்குக் கிரேடு, நாட்டுக்கு நாடு வேறுபடும் பெரிய குடும்பம். ‘எட்ஜ் நல்லதா’ என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. கையில் உள்ள டப்பாவின் பின்பக்க வரிதான் பதில்.

டர்போ நேரடி ஊசி பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். குறைந்த ஆர்.பி.எம்.மில் அழுத்தி மிதிக்கும்போது, பிளக் பொறிப்பதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறு இந்த இன்ஜின்களில் உண்டு. ஆயிலில் கால்சியம் அதிகமானால் அது கூடும். பாதியை மக்னீசியமாக மாற்றினால் குறையும். 2020 மே மாதம் வந்த ஏ.பி.ஐ. எஸ்.பி. என்ற தரம் இதைச் சோதிக்கிறது, டைமிங் செயின் தேய்மானத்தையும் சேர்த்து. 2025 மார்ச்சில் அதற்கு அடுத்த தரமான எஸ்.க்யூ. வந்திருக்கிறது. கடையில் தூசி படிந்து கிடக்கும், எஸ்.பி.க்கு முந்தைய எஸ்.என். தர ஆயில் நல்ல பி.ஏ.ஓ.வாகவே இருந்தாலும் இந்த இன்ஜின்களுக்கு வேண்டாம். இது பேஸ் ஆயிலின் கணக்கே அல்ல, முழுக்க அடிட்டிவின் கணக்கு.

பைக்

பைக்கில்தான் எஸ்டருக்கும் நல்ல பேஸ் ஆயிலுக்கும் உண்மையான வேலை இருக்கிறது. காற்றில் குளிரும் சிலிண்டர், கியர் பற்கள் ஆயிலை அரைப்பது, ஆயிலில் மூழ்கிய கிளட்ச் பிளேட்: மூன்றும் ஒரே ஒன்றரை, இரண்டு லிட்டரில். முதல் சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் கியர் கடினமாவது பெரும்பாலும் பாலிமர் அறுந்து பாகுநிலை இறங்கியதன் அறிகுறி. கனமான பேஸ் ஆயிலில் செய்து, பாலிமரைக் குறைத்துப் போட்ட ஆயில் இதைத் தாங்கும். அதனால் கே.டி.எம். கேட்கும் 15டபிள்யூ-50-க்குப் பதிலாக ‘இன்னும் உயர்ந்தது’ என்று 5டபிள்யூ-50 ஊற்றுவது தலைகீழ் வேலை.

மோட்டுல் 7100-இல் எஸ்டர் உண்டு என்று லேபிள் சொல்கிறது. எவ்வளவு என்று சொல்வதில்லை. ஜாசோ எம்.ஏ.2 (ஆயிலில் மூழ்கிய கிளட்ச்சுக்கான ஜப்பானியத் தரம்) உள்ளது, கிளட்ச் வழுக்காது. 15டபிள்யூ-50, 10டபிள்யூ-50, 20டபிள்யூ-50 என நம் பைக்குகளுக்கு வேண்டிய கிரேடுகள் கிடைக்கின்றன. சூடாக ஓடும் ஒற்றைச் சிலிண்டர், கே.டி.எம். போன்ற அதிக ஆர்.பி.எம். இன்ஜின்: இவற்றுக்குக் கொடுக்கும் காசுக்கு ஈடான ஆயில். 100, 110 சிசி கம்யூட்டருக்கு வேண்டாம். அதற்குக் கம்பெனி சொன்ன 10டபிள்யூ-30 எம்.ஏ. ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலே இன்ஜின் பல்லாண்டு ஓடும். ராயல் என்ஃபீல்டு 350-க்கு 15டபிள்யூ-50 எம்.ஏ.2 செமி சிந்தெடிக்கையே கம்பெனி சொல்கிறது. நெடுந்தூரமும் மலையும் போகிறவர்கள் அதே கிரேடில் 7100-க்கு மாறலாம்.

300வி பந்தய ஆயில். மோட்டுலின் பழைய பெருமை. 1971-லிருந்து வரும் பெயர். எஸ்டர் இதில் பேருக்கு அல்ல, முதுகெலும்பாகவே இருக்கிறது. காருக்கான 300வி டப்பாவில் ஏ.பி.ஐ., ஏ.சி.இ.ஏ. எண்களைத் தேடாதீர்கள், பந்தயத்துக்கான ஆயில் என்று சொல்லியே விற்கிறார்கள். டிராக்கில் ஓட்டி, அடிக்கடி மாற்றுபவருக்கு இதற்கு நிகர் குறைவு. ஆஃபீஸுக்குப் போய்வந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுபவருக்கு இது தவறான ஆயில். தினம் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடினால் இன்ஜின் முழுசாகச் சூடாகாது. எரிந்த பெட்ரோலின் தண்ணீரும், எரியாத எத்தனால் கலந்த பெட்ரோலும் ஆயிலில் தங்கும். எஸ்டருக்குப் பிடிக்காத சூழ்நிலை அது.

ஸ்கூட்டருக்கு எம்.பி. என்ற ஜாசோ முத்திரை. அதில் உராய்வைக் குறைக்கும் அடிட்டிவ் இருக்கும். கியர் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். கார் ஆயிலில் ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்ற சொல் வட்ட முத்திரையின் கீழே இருந்தால் அதையும் பைக்கில் ஊற்றக் கூடாது. ஜாசோ பெட்டியைப் பார்க்கும்போது எம்.ஏ.2 என்ற எழுத்தோடு பதிவு எண்ணும் அச்சடித்திருக்கிறதா பாருங்கள், வெறும் ‘எம்.ஏ.2’ என்று வாசகத்தில் எழுதியது பதிவு ஆகாது.

நம்பக் கூடாத சோதனைகள்

கடையில் சுழலும் இரும்பு வளையத்தின்மேல் உருளையை அழுத்தி, ‘இந்த ஆயிலில் மட்டும் நிற்கவில்லை பாருங்கள்’ என்று காட்டும் இயந்திரம் கிரீஸுக்கும் கியர் ஆயிலுக்கும் வந்தது. குளோரின் கலந்த மலிவான திரவம் அதில் முதல் பரிசு வாங்கும். அதே குளோரின் இன்ஜினில் அமிலமாகி பேரிங்கைத் தின்னும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி. அதில் நல்ல மினரல் 10டபிள்யூ-30-உம் ஓடும். நிறத்தில் ஒன்றும் இல்லை. ஊற்றிய ஆயில் ஆயிரம் கிலோமீட்டரில் கறுத்தால் கெட்டுவிட்டது என்று மாற்றுவதும் வீண். கரியைப் பிடித்து மிதக்கவிடுவது டிஸ்பர்சன்ட்டின் வேலை, டீசலில் அது முதல் நாளே தெரியும்.

ஆயில் தன் இடைவெளிக்குத் தாங்குகிறதா என்று உண்மையிலேயே தெரியவேண்டுமானால் பயன்படுத்திய ஆயிலைச் சோதியுங்கள். வண்டியைச் சூடாக்கி, டிரெய்ன் போல்ட்டைத் திறந்து, முதலில் வரும் கசடு போகவிட்டு, நடுவில் விழும் ஆயிலில் நூறு மில்லி சுத்தமான பாட்டிலில் பிடிக்க வேண்டும். 100 டிகிரி பாகுநிலை கிரேடுக்குள் இருக்கிறதா பாருங்கள்; 40 கிரேடென்றால் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே இறங்கியிருந்தால் பாலிமர் அறுந்திருக்கிறது அல்லது பெட்ரோல் கலந்திருக்கிறது. எது என்பதை எரிபொருள் சதவீதம் சொல்லும். சிலிக்கான் ஏறி இரும்பும் கூடவே ஏறினால் ஆயிலைக் குறை சொல்லாதீர்கள், ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போகிறது. சோடியமும் பொட்டாசியமும் தெரிந்தால் கூலன்ட் கசிவு. டி.பி.என். புது அளவில் பாதிக்கு வந்தால் மாற்றும் நேரம்.

பி.ஏ.ஓ. ஊற்றினால் இருபதாயிரம் கிலோமீட்டர் போகலாம் என்ற பேச்சுக்கு இந்தியக் கையேடுகளில் இடமில்லை. வாரன்ட்டி இருக்கும்வரை கையேட்டின் கிலோமீட்டர் அல்லது மாதம், எது முந்துகிறதோ அதுதான். நல்ல ஆயில் வாங்கி மலிவான ஃபில்டர் போட்டால் கணக்கு கெடும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் டிரெய்ன் போல்ட் வாஷரும் புதிது.

வாங்கும் இடம் கடைசி விஷயம், ஆனால் சின்ன விஷயம் இல்லை. பெயர்பெற்ற ஆயில்களுக்குப் போலி நிறைய. மூடியின் வளையம் உடைந்திருக்கிறதா, உள்ளே தகட்டுச் சீல் ஒரே சீராக ஒட்டியிருக்கிறதா, டப்பாவில் அடித்த பேட்ச் எண்ணும் அட்டைப் பெட்டியின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். க்யூ.ஆர். குறியீடு இருந்தால் கடையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். சர்வீஸ் சென்டரில் பேரலிலிருந்து ஊற்றுகிறார்கள் என்றால் பேரலில் உள்ள கிரேடையும் ஏ.பி.ஐ. எழுத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காலி டப்பாவின் லேபிளைக் கீறிவிட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். போலி ஆயில் நிரப்ப முதலில் தேவைப்படுவது அந்த டப்பாதான்.